கரிநெருப்பின் அருகே: தேவ கிருபையும் மறுதொடக்கமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விழுந்தவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இறையியல் கேள்விகளாகத் தொடங்குவதில்லை. "இனி எனக்கு வழி இருக்கிறதா?" என்ற ஒரே கேள்விதான் பல உருவங்களில் வருகிறது. அவற்றில் அடிக்கடி எழுபவற்றுக்கு வேதத்தை முன்வைத்து இங்கே பதில் எழுதப்பட்டுள்ளது. சில பதில்கள் நீளமானவை. சிலவற்றுக்கு நான்கு வரிகள் போதும்.

கிருபை என்ற சொல்லை எல்லோரும் பயன்படுத்துகிறோம். அதன் பொருள்தான் என்ன?

தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் கிருபை என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் சொல்லின் முழு வலிமை விளங்கும். சங்கீதம் 136-இல் 26 வசனங்களிலும் கர்த்தருடைய கிருபை என்றுமுள்ளது என்று திரும்பத் திரும்ப வருகிறதே, அங்கே எபிரேயத்தில் உள்ள சொல் கெசெத். உடன்படிக்கை செய்தவர், மறுபக்கத்தார் வாக்குத் தவறிய பின்னும் கைவிடாமல் காட்டும் உறுதியான அன்பு அது. பிற்காலத் தமிழாக்கமான பொது மொழிபெயர்ப்பு அதைப் பேரன்பு என்று தருகிறது. எபேசியர் 2:8-இல் நாம் கிருபையினாலே இரட்சிக்கப்பட்டோம் என்று பவுல் எழுதும்போது அவர் பயன்படுத்தும் கிரேக்கச் சொல் காரிஸ். தகுதி பாராமல், விலை கேட்காமல் தரப்படும் கொடை என்பது அதன் பொருள். இதைப் பொது மொழிபெயர்ப்பு அருள் என்கிறது.

முதல் பொருளில் கிருபை விட்டுவிடாத பிடி. இரண்டாம் பொருளில் ஈட்டாத கொடை. தோல்வியுற்றவருக்கு இரண்டுமே தேவை. கொடை மட்டும் இருந்து பிடி இல்லாவிட்டால் அடுத்த வீழ்ச்சியில் எல்லாம் முடிந்துவிடும். பிடி மட்டும் இருந்து கொடை இல்லாவிட்டாலோ நாம் ஆயுள் முழுவதும் கடனாளியாகவே அந்தக் கையைப் பற்றிக்கொண்டிருப்போம்.

என் தொழில் நொடித்துப்போனது, தேர்வில் தோற்றேன். இவற்றுக்காகவும் நான் மனந்திரும்ப வேண்டுமா?

தோல்வி வேறு, பாவம் வேறு. முயன்று கைகூடாமல் போனதற்கு ஆறுதல் தேவை, மன்னிப்பு தேவையில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வரும் சேதம் பெரிது. பாவம் செய்யாதவர் இல்லாத குற்றத்தைத் தேடித் தன்னைத் துன்புறுத்திக்கொள்கிறார். உண்மையில் பிறருக்குத் தீங்கு செய்தவரோ "எனக்குக் காலம் சரியில்லை" என்று அதை ஒரு தோல்வியாக மாற்றிச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறார். யோபுவின் நண்பர்கள் செய்த தவறு முதல் வகை: துன்பம் இருப்பதால் பாவம் இருந்தே தீர வேண்டும் என்று வாதிட்டார்கள். நூலின் முடிவில், அவர்கள் தம்மைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று தேவனே அவர்களைக் கண்டிக்கிறார்.

எனவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "என்ன நடந்தது?" என்பதே. பொய், நம்பிக்கைத் துரோகம், சோம்பல் ஆகியவை அதில் கலந்திருந்தால் அந்தப் பகுதியை மட்டும் அதன் பெயரைச் சொல்லி அறிக்கையிட வேண்டும். மீதியைப் பொறுத்தவரை, அழலாம், மீண்டும் முயலலாம்.

விழுந்த ஒருவரை தேவன் எப்படி எழுப்புகிறார்? வேதத்தில் தெளிவான ஓர் எடுத்துக்காட்டு உண்டா?

பலர் இருக்கிறார்கள். ஆயினும் இயேசுவின் சீஷரான பேதுருவின் கதையில் நின்று நிதானிப்பது நல்லது. ஏனென்றால் வீழ்ச்சி, இடைவெளி, மீட்பு என மூன்றையும் சுவிசேஷங்கள் இவ்வளவு நுணுக்கமாக வேறு எவருக்கும் பதிவு செய்யவில்லை.

லூக்கா 22-இல், பேதுரு தம்மை அறியேன் என்று மறுதலிப்பதற்கு முன்பே இயேசு இரண்டு காரியங்களைச் சொல்லிவிடுகிறார்: உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடி உனக்காக வேண்டிக்கொண்டேன், நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து. வீழ்ச்சி நடப்பதற்கு முன்பே அதற்குப் பின் வரும் வேலை ஒப்படைக்கப்பட்டுவிட்டது. பேதுருவின் சறுக்கல் இயேசுவுக்கு எதிர்பாராத செய்தி அல்ல. தெரிந்தேதான் அவரை அழைத்திருந்தார்.

பிறகு இயேசு பிடிக்கப்பட்ட அந்த இரவு. யோவான் 18:18-இன்படி, பிரதான ஆசாரியனின் முற்றத்தில் குளிருக்காக ஊழியர்கள் கரிநெருப்பு மூட்டியிருந்தார்கள். அங்கே குளிர்காய்ந்துகொண்டு நின்றபோதுதான் பேதுரு தம் ஆண்டவரை அறியேன் என்றார். கரிநெருப்பைக் குறிக்கும் அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இன்னும் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. அது யோவான் 21:9. உயிர்த்தெழுந்த இயேசு திபேரியா கடற்கரையில் சீஷர்களுக்காகக் காலை உணவு ஆயத்தம் செய்து வைத்திருக்கிறார். அங்கேயும் கரிநெருப்பு, அதன்மேல் மீன், கூடவே அப்பம். நாசியில் ஏறும் அந்தப் புகை மணம் பேதுருவுக்கு எதை நினைவூட்டியிருக்கும் என்று யோவான் விளக்கவில்லை. விளக்கத் தேவையும் இல்லை.

மூன்று முறை மறுதலித்தவரிடம் மூன்று முறை அன்பைப் பற்றிக் கேட்கப்படுகிறது. இயேசு அவரைப் பேதுரு, அதாவது பாறை, என்று அழைக்காமல் "யோனாவின் குமாரனாகிய சீமோனே" என்று பழைய பெயரால் அழைக்கிறார். மூன்றாம் கேள்வியில் பேதுரு துக்கப்பட்டார் என்று எழுதியிருக்கிறது. இது வலித்த உரையாடல். "நடந்ததை மறந்துவிடு" என்ற ஒரு வார்த்தையில் இயேசு அதைக் கடந்திருக்கலாம், கடக்கவில்லை. புண்ணைத் திறந்தே கழுவினார். ஆனால் ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் ஆடுகளை மேய்க்கும் பொறுப்பு திரும்பத் தரப்படுகிறது. "இனி இப்படிச் செய்யமாட்டேன் என்று சத்தியம் செய்" என்று ஒருமுறைகூடக் கேட்கப்படவில்லை. சத்தியங்களில் பேதுரு முன்பே கைதேர்ந்தவர்; சாகவும் தயார் என்று அந்த இரவிலேயே சொன்னவர்தானே.

மறுதொடக்கம் என்றால் நடந்ததை அழித்துவிட்டு வெற்றுத்தாளில் எழுதுவது என்று நாம் நினைக்கிறோம். இந்தக் கடற்கரையில் நடப்பது வேறு. எந்த நெருப்பின் அருகே விழுந்தாரோ, அதுபோன்ற நெருப்பின் அருகே அவரை உட்காரவைத்து, உணவு கொடுத்து, அதன் பிறகே பேச்சு தொடங்குகிறது. வரிசையைக் கவனியுங்கள்: முதலில் சாப்பாடு, பிறகு கேள்வி.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும் வருந்தினாரே? அவருக்கு ஏன் அப்படி முடிந்தது?

மிகவும் கடினமான கேள்வி. மத்தேயு 27-இன்படி யூதாஸ் தாம் செய்ததற்காக மனஸ்தாபப்பட்டார். 30 வெள்ளிக்காசைத் திருப்பிக் கொடுத்தார். குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அந்த அறிக்கையில் குறையொன்றும் தெரியவில்லை. வேறுபாடு எங்கே சென்றார் என்பதில் இருக்கிறது. அவர் தம்மைப் பயன்படுத்திய ஆசாரியர்களிடம் போனார். அவர்கள், "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்று கைகழுவினார்கள். அந்தப் பதிலோடு அவர் தனியே போய்விட்டார். பேதுருவும் வெளியே போய் மனங்கசந்து அழுதவர்தான். ஆனால் யோவான் 20-இல் மகதலேனா மரியாள் ஓடிவந்து செய்தி சொன்னபோது, மற்றவர்கள் எளிதில் கண்டுபிடிக்கும் இடத்தில் அவர் இருந்தார்.

2 கொரிந்தியர் 7:10-இல் பவுல் பிரித்துக் காட்டும் இரண்டு துக்கங்கள் இவை. ஒன்று தேவனை நோக்கித் திருப்புகிறது. மற்றொன்று தன்னை நோக்கியே திரும்பி மரணத்தை உண்டாக்குகிறது. யூதாசின் நித்திய கதியை அளந்து சொல்வது இந்தப் பதிலின் வேலையன்று. ஆனால் இதை வாசிக்கும் ஒருவர், உயிரை மாய்த்துக்கொண்டால் எல்லாம் தீரும் என்ற எண்ணத்தோடு இருந்தால், தயவுசெய்து இந்தப் பக்கத்தை இத்துடன் நிறுத்திவிட்டு, நம்பிக்கையான ஒருவரிடம் அல்லது ஒரு மருத்துவரிடம் இப்போதே அதை வாய்திறந்து சொல்லுங்கள். மீதிக் கேள்விகள் காத்திருக்கும்.

தேவன் மன்னித்துவிட்டார் என்றால், விளைவுகளை நான் ஏன் இன்னும் அனுபவிக்கிறேன்?

மன்னிப்பும் விளைவு நீங்குவதும் வெவ்வேறு. பத்சேபாளோடு தவறு செய்து அவள் கணவனையும் கொல்லச் செய்த தாவீது அரசர், 2 சாமுவேல் 12-இல் "பாவஞ்செய்தேன்" என்று சொன்ன அதே வசனத்தில், கர்த்தர் உன் பாவம் நீங்கச் செய்தார் என்று தீர்க்கதரிசி நாத்தான் பதில் அளிக்கிறார். இடைவெளியே இல்லை. ஆனால் அடுத்த வசனத்திலேயே விளைவு பேசப்படுகிறது, குழந்தை இறக்கிறது, பின்வரும் அதிகாரங்களில் அந்தக் குடும்பம் சிதறுவதை நாம் வாசிக்கிறோம். அதே அதிகாரத்தின் முடிவில் சாலொமோன் பிறக்கிறார். கர்த்தர் அவனிடத்தில் அன்பாயிருந்தார் என்று எழுதப்பட்டிருக்கிறது. தண்டனையும் கிருபையும் ஒரே வீட்டில், ஒரே காலத்தில் குடியிருந்தன.

லூக்கா 15-இல், சொத்தில் தன் பங்கை வாங்கிச் சென்று அழித்துவிட்டு வீடு திரும்பும் இளைய மகனின் கதையிலும் இதைக் காணலாம். பிரசங்கங்களில் அதிகம் பேசப்படாத ஒரு நுணுக்கம் அங்கே உண்டு. வரும் வழியில் மகன் ஒரு சிறு பேச்சைத் தயாரிக்கிறான்: நான் மகன் எனப்படத் தகுதியற்றவன், என்னைக் கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். ஆனால் அப்பா ஓடிவந்து கட்டிக்கொண்ட பிறகு அவன் சொல்வதாக எழுதப்பட்டிருப்பது முதல் பாதி மட்டுமே. கூலிக்காரன் என்ற பகுதியைச் சொல்ல அப்பா விடவில்லை. அங்கி, மோதிரம், பாதரட்சை, விருந்து என எல்லாம் கிடைக்கிறது. ஆனால் 31-ஆம் வசனத்தில் மூத்தவனிடம் அப்பா, எனக்குள்ளதெல்லாம் உன்னுடையது என்கிறார். அப்படியானால் இளையவன் அழித்த பங்கு அழிந்ததுதான். மகன் என்ற உறவு முழுமையாகத் திரும்பியது. செலவழிந்த சொத்து திரும்பவில்லை. கிருபை முதலில் மீட்டுத்தருவது உறவை. மற்றவை வரலாம், வராமலும் இருக்கலாம்.

ஒரே பாவத்தில் மீண்டும் மீண்டும் விழுகிறேன். எத்தனை முறைதான் மன்னிப்புக் கேட்பது?

சகோதரனை எத்தனை முறை மன்னிக்க வேண்டும் என்று கேட்டவரும் பேதுருதான், ஏழுதரமா என்றார். ஏழெழுபதுதரம் என்றார் இயேசு. மனிதரிடம் இதை எதிர்பார்க்கிற தேவன் தாம் அதைவிடக் குறைவாக மன்னிப்பார் என்று எண்ணுவதற்கு இடமில்லை. நீதிமொழிகள் 24:16-இன்படி, ஏழுதரம் விழுந்தும் எழுந்திருக்கிறவனே நீதிமான். அந்த மறுதொடக்கத்துக்குப் பிறகும் பேதுரு மீண்டும் சறுக்கினார் என்பதையும் மறக்க வேண்டாம். அந்தியோகியாவில் யூதரல்லாதவர்களோடு உணவருந்திக்கொண்டிருந்தவர், எருசலேம் சபைத் தலைவரான யாக்கோபிடமிருந்து யூதர் சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பவுல் எல்லோர் முன்பாகவும் அவரைக் கண்டித்ததாகக் கலாத்தியர் 2-இல் எழுதுகிறார். மனிதர்முன் பயம் என்ற அதே பழைய பலவீனம்தான். ஆயினும் அவர் அப்போஸ்தலராகவே தொடர்ந்தார்.

ஆனால் ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் கண்ணீரோடு ஜெபித்துவிட்டு, விழவைக்கும் சூழலை அப்படியே வைத்திருப்பது மனந்திரும்புதல் ஆகாது. மனந்திரும்புதல் என்ற தமிழ்ச் சொல்லிலேயே திரும்புதல் இருக்கிறது. திரும்பியவருக்கு வழி மாற வேண்டும். எந்த நேரத்தில், எந்தத் தனிமையில், யாருடைய உடனிருப்பில் விழுகிறோம் என்று கவனித்து அங்கே ஒரு தடையை வைப்பது விசுவாசக் குறைவு அல்ல. குடி போன்ற அடிமைப்பழக்கம் என்றால் ஜெபத்தோடு மருத்துவ உதவியும் தேவை. அதை வெட்கமாக நினைப்பவர்கள்தாம் அதிகம் விழுவதாக எனக்குத் தோன்றுகிறது.

மன்னிப்பு இவ்வளவு எளிதாகக் கிடைத்தால், மக்கள் துணிந்து பாவம் செய்யமாட்டார்களா?

பவுலிடமும் இதைக் கேட்டிருக்கிறார்கள். பாவம் பெருகின இடத்தில் கிருபை அதிகமாய்ப் பெருகிற்று என்று ரோமர் 5:20-இல் எழுதிய கையோடு, அப்படியானால் பாவத்தில் நிலைநிற்கலாமா என்ற எதிர்க்கேள்வியை அவரே எழுப்பி, கூடாதே என்கிறார். கிருபையைப் பற்றிச் சரியாகப் பேசினால் இந்தச் சந்தேகம் எழத்தான் செய்யும். அன்பைக் கணக்குப் பார்த்துப் பயன்படுத்திக்கொள்பவர் இன்னும் அதைப் பெறவில்லை என்பதே பவுலின் வாதம்.

மன்னிக்கப்படாத பாவத்தை நான் செய்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

ஆவியானவருக்கு எதிரான தூஷணம் மன்னிக்கப்படாது என்ற மத்தேயு 12-இன் எச்சரிக்கை யாருக்குச் சொல்லப்பட்டது என்று பாருங்கள். கண்முன் ஒருவர் குணமானதைக் கண்டும், அது பிசாசுகளின் தலைவனாகிய பெயெல்செபூலின் வேலை என்று சொன்னவர்களுக்கு. ஒளியை இருள் என்று தெரிந்தே அழைக்கும் மனக்கடினம் அது. எபிரெயர் 6-இல் உள்ள கடுமையான எச்சரிக்கையும் கிறிஸ்துவை வேண்டுமென்றே உதறிப் போவதைப் பற்றியது. அங்கும் 9-ஆம் வசனத்தில், உங்களைக்குறித்து நன்மையானவற்றையே நம்பியிருக்கிறோம் என்று எழுதியவர் வாசகர்களுக்குத் தைரியம் சொல்கிறார். அந்த நிலையில் இருப்பவருக்கு இந்தப் பயம் வராது. பயம் வருகிறதென்றால், ஆவியானவர் இன்னும் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறார்.

தேவன் மன்னித்ததை நம்புகிறேன். ஆனால் என்னை நானே மன்னிக்க முடியவில்லை.

தன்னைத் தானே மன்னிக்கும்படி வேதம் எங்கும் கட்டளையிடவில்லை. இதைச் சொன்னால் சிலருக்கு அதிர்ச்சியாக இருக்கும்; எனக்கோ இது பெரும் விடுதலையாக இருந்தது. நாம் செய்ய முடியாத ஒன்றை நம்மிடம் யாரும் கேட்கவில்லை. 1 யோவான் 3:20-இல் நம் இருதயம் நம்மைக் குற்றவாளியென்று தீர்க்கும் வேளையைப் பற்றி யோவான் பேசுகிறார். அந்த இருதயத்தைச் சமாதானப்படுத்த அவர் காட்டும் ஆதாரம், தேவன் நம் இருதயத்திலும் பெரியவராயிருக்கிறார் என்பது. அதாவது, உள்ளே ஒலிக்கும் குற்றச்சாட்டு உடனே ஓயாவிட்டாலும், இறுதித் தீர்ப்பு அதன் கையில் இல்லை. தம்மைக் குறித்துத் தாமே தீர்ப்புச் சொல்வதில்லை என்று பவுலும் 1 கொரிந்தியர் 4-இல் எழுதுகிறார்.

நினைவு எழும்போதெல்லாம் அதனோடு வாதாட வேண்டாம். "ஆம், அதைச் செய்தேன், அதை அவரிடம் ஒப்படைத்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கையிலிருக்கும் வேலைக்குத் திரும்பலாம். பலருக்கு இது நாள்களில் அல்ல, வருடங்களில்தான் தணிகிறது.

நான் காயப்படுத்தியவர் என்னை மன்னிக்க மறுக்கிறார். என்ன செய்வது?

மறுக்க அவருக்கு உரிமை உண்டு என்று ஏற்றுக்கொள்வதிலிருந்து தொடங்க வேண்டும். "தேவனே என்னை மன்னித்துவிட்டார், நீ ஏன் மன்னிக்கவில்லை?" என்று கேட்பது இரண்டாவது காயம். உங்கள் பக்கம் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். வஞ்சித்த பணத்தை முதலோடு ஐந்தில் ஒரு பங்கும் கூட்டித் திருப்பித் தரும்படி எண்ணாகமம் 5:7 சொன்னது. வரி வசூலிப்பவர்களின் தலைவரான சகேயு நாலத்தனையாய்த் தருவதாக வாக்களித்தார். இயேசு அவர் வீட்டுக்கு வருவதாகச் சொன்னது அந்த வாக்குக்கு முன்னால் என்பதையும் கவனிக்க வேண்டும். ஈடு செய்வது கிருபைக்குக் கொடுக்கும் விலை ஆகாது. கிருபை வந்த வீட்டில் அது தானாக நடக்கிறது.

மன்னிப்பும் நம்பிக்கையும் கூட வேறு வேறு. மன்னிப்பு ஒரு நாளில் தரப்படலாம். நம்பிக்கை நடத்தையைப் பார்த்தே வளரும். அதற்கு எவ்வளவு காலம் என்று தீர்மானிப்பவர் நீங்கள் அல்லர்.

பழைய பொறுப்பும் ஊழியமும் எனக்குத் திரும்பக் கிடைக்குமா?

சிலருக்குக் கிடைத்தது. மாற்கு பம்பிலியாவில் பவுலை விட்டுப் பிரிந்து எருசலேமுக்குத் திரும்பினார். அடுத்த பயணத்தில் அவரைச் சேர்த்துக்கொள்ள பவுல் மறுத்ததால் பவுலும் அவருடைய உடன் ஊழியரான பர்னபாவுமே பிரிந்தார்கள். பர்னபா மாற்குவைக் கூட்டிக்கொண்டு சீப்புருவுக்குப் போனார். பின்னாளில் 2 தீமோத்தேயு 4:11-இல், மாற்குவை அழைத்துவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று அதே பவுல் எழுதுகிறார். இடையில் மாற்குவை நம்பிய ஒரு பர்னபா இருந்தார் என்பதுதான் இந்தக் கதையின் கீல்.

மோசேக்கோ கிடைக்கவில்லை. மேரிபாவின் தண்ணீர்களண்டையில் செய்த தவறால் வாக்குத்தத்த தேசத்துக்குள் செல்ல அவருக்கு அனுமதி இல்லை. அவர் மன்றாடியும் இல்லை. நேபோ மலையிலிருந்து பார்க்க மட்டுமே முடிந்தது. அதனால் தேவன் அவரைத் தள்ளிவிட்டாரா? அதே உபாகமம் 34, கர்த்தரை முகமுகமாய் அறிந்த மோசேக்கு ஒப்பான தீர்க்கதரிசி பிறகு எழும்பவில்லை என்று முடிகிறது. பதவி திரும்புவதையே கிருபையின் அடையாளமாக எண்ணினால் மோசேயின் வாழ்க்கை நமக்கு விளங்காது. பிறரின் நம்பிக்கையைச் சுரண்டி விழுந்த ஒருவர் பழைய நாற்காலியில் மீண்டும் அமராமல் இருப்பதே அந்த மக்களுக்குக் காட்டும் அன்பாக இருக்கக்கூடும்.

வீணாக்கிய வருடங்களை தேவன் திருப்பித் தருவாரா?

இதற்கு யோவேல் 2:25-ஐ எடுத்துக்காட்டுவார்கள். எபிரேயத்தில் வெட்டுக்கிளிகள் தின்ற வருடங்களை ஈடுசெய்வேன் என்று இருக்கிறது. தமிழில் மொழிபெயர்த்தவர்கள் வருஷங்களின் "விளைவை" என்று ஒரு சொல்லைச் சேர்த்தார்கள். அது நல்ல விளக்கமும்கூட. கடந்த வருடம் காலண்டரில் திரும்ப வராது. ஆனால் அந்த வருடங்கள் தர வேண்டியிருந்த விளைச்சலை வருகிற வருடங்களில் தர தேவனால் முடியும். 20 வயதில் இழந்ததை 50 வயதில் அதே உருவில் தேடுகிறவர், கதிர் வேறு வயலில் விளைந்திருப்பதைப் பார்க்காமல் போகலாம்.

சரி, நான் எங்கே தொடங்க வேண்டும்?

மறைப்பதை நிறுத்துவதில். பத்சேபாளின் காரியத்துக்குப் பின், குழந்தை பிறக்கும் வரைக்கும் பல மாதங்கள் தாவீது மௌனமாக இருந்தார். நாத்தான் வந்த பிறகே வாய் திறந்தார். அடக்கி வைத்தபோது எலும்புகள் உலர்ந்தன என்று சங்கீதம் 32 சொல்கிறது. நாத்தான் வந்தபின் பாடியதாகத் தலைப்பிடப்பட்ட சங்கீதம் 51-இல், சுத்த இருதயத்தை என்னிலே "சிருஷ்டியும்" என்கிறார். ஆதியாகமத்தின் முதல் வசனத்தில் வரும் அதே வினை. இருக்கும் இருதயத்தைப் பழுதுபார்க்கும்படி அவர் கேட்கவில்லை.

தேவனிடம் சொன்னபின், முதிர்ச்சியுள்ள ஒரு மனிதரிடமும் சொல்லுங்கள். கத்தோலிக்கருக்கு, குருவிடம் பாவ அறிக்கை செய்யும் ஒப்புரவு அருட்சாதனம் உண்டு. மற்றச் சபையினருக்கு ஒரு போதகரோ நம்பகமான நண்பரோ இருக்கலாம். நாளைக் காலை செய்யக்கூடிய ஒரே ஒரு சரியான காரியத்தைத் தேர்ந்தெடுங்கள்: தர வேண்டிய ஒரு கடன், பேச வேண்டிய ஓர் உண்மை, துண்டிக்க வேண்டிய ஒரு தொடர்பு.

ஜெபிக்கவே வார்த்தை வரவில்லை என்றால்?

லூக்கா 18-இல் தேவாலயத்தில் தூரத்தில் நின்ற ஆயக்காரனுக்கும் (வரி வசூலிப்பவனுக்கும்) நீண்ட ஜெபம் வரவில்லை. வானத்தை ஏறெடுத்துப் பார்க்கவும் துணியாமல், தேவனே, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும் என்றான். தமிழில் நான்கே சொற்கள். அவன் நீதிமானாக்கப்பட்டவனாய்த் தன் வீட்டுக்குத் திரும்பிப் போனான்.